தரகரா, ஆலோசகரா?

"மாமா, பேங்க்குல போட்டு என்னத்தக் கண்டீங்க? நான் சொல்ற எடத்துல போடுங்க. நான் இருக்கேன்ல!"

இந்த 'நான் இருக்கேன்' என்ற சொல்லை நம்பித்தான், தோழர்களே, சமயநல்லூர்த் திண்ணைகளில் சேமிப்பு கைமாறுகிறது. ஆலையிலே முப்பதாண்டு உழைத்தவரின் வைப்பு நிதி, மல்லிகை விற்றுச் சேர்த்த மகளின் மணச் செலவு — அத்தனையும்!

சொல்பவர் முகமூடிக் கொள்ளையரல்லர். அத்தை மகன், சாதிச் சங்கப் பொருளாளர், சொல்ல நாணுகிறோம், சில ஊர்களில் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர். தம்மை அவர் 'நிதி ஆலோசகர்' என்று அழைத்துக்கொள்கிறார். ஆலோசகராம்! அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? மாமாவா? இல்லை! மாமாவின் பணத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனம். சந்தையிலே துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுபவர்கூடத் தரகர் என்றே தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அந்த நாணயம் இந்த ஆலோசகருக்கு இல்லை.

2022-இல் ஆருத்ரா நிறுவனத்தின் கதை வெளிவந்தது. மாதம் நூற்றுக்கு 25 முதல் 30 ரூபாய் வட்டி என்றார்கள். நம் ஆறாம் வகுப்புச் சிறுவனிடம் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள்: மாதம் 25 என்றாலே, ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி மூன்று லட்சம்! எந்த வயல் விளைவிக்கும் அதை? எந்த ஆலை ஈட்டும்? இன்று போடுபவரின் பணமே நேற்றுப் போட்டவருக்கு வட்டியாகிறது. நாளை போடுவதற்கு ஆளில்லாத அன்று கதவு மூடுகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய் என்பது காவல்துறை சொன்ன கணக்கு. மறு ஆண்டே, 2023-இல், நம் மதுரையிலேயே நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது.

உடனே ஒரு கூட்டம் உபதேசிக்க வருகிறது: "பேராசைப்பட்டார்கள், பட்டார்கள்!" பறிகொடுத்தவன்தான் குற்றவாளியா? படிப்பில்லாதவன்தான் ஏமாறினானா? 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி வீழ்ந்ததே, அங்கே பணம் போட்டவர்களில் கற்றவரும் செல்வரும் நிறையவே இருந்தனர். 'சர்' பட்டம் பெற்ற வெள்ளைக்காரர் நடத்திய வங்கியாயிற்றே என்று நம்பினர். அந்தச் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குக் கிடைத்தது பதினெட்டு மாதக் கடுங்காவல். அன்று பட்டத்தை நம்பினோம். இன்று உறவை நம்புகிறோம். கணக்கைக் கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பெற்று முதலீட்டு யோசனை சொல்வோர் செபியிடம் பதிவு பெற வேண்டும் என்ற விதிமுறை 2013-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தினர்: ஒரே வாடிக்கையாளரிடம் யோசனைக் கட்டணமும், அவர் தலையில் கட்டிய பொருளுக்குத் தரகும் சேர்த்து வாங்கலாகாது, பரஸ்பர நிதி விற்பவர் பதிவின்றித் தம்மை ஆலோசகர் என்று விளம்பரப்படுத்தவும் ஆகாது. 2019-இன் வைப்புத் திட்டத் தடைச் சட்டமோ, நிறுவனத்தோடு நிற்கவில்லை. ஒழுங்குமுறைக்கு உட்படாத திட்டத்தில் பணம் போடுமாறு, தெரிந்தே பொய் சொல்லித் தூண்டுகிறவர் எவராயினும் அவருக்கும் சிறை உண்டு என்கிறது. "நானும் ஏமாந்தவன்தானே!" என்று ஒதுங்கும் அத்தை மகன், பொய்யென்று அறிந்தே தூண்டியிருந்தால் தப்ப இயலாது. மெய்யாகவே ஏமாந்தவரானால், வாங்கிய தரகையாவது மாமாவிடம் திருப்பித் தரட்டுமே! தந்தவர் எத்தனை பேர்?

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். அனுமதியின்றி வணிகம் செய்யலாகாது என்று அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 முதலே சொல்கின்றன. ஆயினும் சம்பள நாளன்று ஆசிரியர் அறையிலே படிவம் நீளுகிறது. காலையில் கூட்டுவட்டி கற்பித்த அதே கை நீட்டுகிறது! மாணவனின் தந்தை 'வாத்தியார் சொன்னார்' என்று கையொப்பமிடுகிறார். நம் சங்கங்கள் ஊதிய உயர்வுக்குத் தீர்மானம் போடட்டும், வேண்டியதே. அத்தோடு, பள்ளி வாயிலுக்குள் எந்தத் தரகுப் படிவமும் நுழையாது என்ற தீர்மானத்தையும் இந்த ஆண்டே போடட்டும். எதிர்த்துக் கை தூக்குபவர் எவரென்று பார்ப்போம்.