கிட்டி ஹில்ட்டன் இல்லாத ஒளிப்பட வரலாறு

ஜார்ஜ் வில்சன் பிரிட்ஜஸ் (1788–1863) ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். டால்பட் கண்டறிந்த கலோடைப் முறையைக் கொண்டு மத்தியதரைக் கடலோர நாடுகளைப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவர். அவரைப் பற்றிய சுருக்கமான அறிமுகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: மனைவி பிரிந்து சென்றார்; 1837இல் கிங்ஸ்டன் துறைமுகத்தில் நேர்ந்த படகு விபத்தில் மகள்கள் நால்வரும் மூழ்கி இறந்தனர்; நொறுங்கிப்போன தந்தை கனடாவின் காட்டுப்பகுதியில் சில காலம் ஒதுங்கி வாழ்ந்தபின் இங்கிலாந்து திரும்பினார்; டால்பட்டின் வட்டத்தாரிடம் புதுக்கலையைக் கற்றார்; 1846 முதல் 1852 வரை மால்டா, சிசிலி, கிரேக்கம், எகிப்து, பாலஸ்தீனம் என்று அலைந்து சுமார் 1,700 படங்களை எடுத்தார். துயரம் ஒளியாக மாறிய கதை. மாணவர் உருகிப் படிப்பதற்கு ஏற்றது.

அந்தத் துயரம் பொய்யன்று. ஆனால் விபத்துக்கு முந்தைய ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு அக்கதை ஒதுக்கும் இடம், 'ஜமைக்காவில் பங்குக் குருவாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வாக்கியம்.

அந்த வாக்கியத்தின் உள்ளே இருப்பது என்ன? 1823இல் வில்பர்ஃபோர்சுக்கு மறுப்பாக அவர் எழுதிய சிறுநூல் இருக்கிறது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளித்ததாக அதில் பெருமை பேசுகிறார். ஒவ்வொரு திருமுழுக்குக்கும் கட்டணம் உண்டு என்பதை அவருடைய எதிரிகள் மறக்கவில்லை. 1827–28இல் வெளிவந்த இரண்டு தொகுதி ஜமைக்கா வரலாறு இருக்கிறது. நாடுகடத்தப்பட்ட லெசேன் என்ற கலப்பினச் சுதந்திரக் குடிமகனை அதில் இழிவுபடுத்தியதற்காகப் பதிப்பாளர் ஜான் மரே லண்டனில் வழக்கைச் சந்தித்துத் தோற்றார். நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 1829இல் கிட்டி ஹில்ட்டன் இருக்கிறார். பிரிட்ஜசின் வீட்டில் அடிமையாக இருந்த அப்பெண், விருந்துக்கென ஒரு வான்கோழியை அறுத்தது தொடர்பாகக் குருவானவரின் சினத்துக்கு ஆளாகிக் கொடிய சவுக்கடி பெற்றார். பெற்றதோடு நிற்கவில்லை. காயங்களோடு சென்று முறையிட்டார். உள்ளூர் நீதிபதிகளின் அவை, வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று முடித்துவிட்டது. இங்கிலாந்தின் அடிமை ஒழிப்பு ஏடுகள் அச்செய்தியைப் பரப்பியதால்தான் அவருடைய பெயர் இன்று எஞ்சியிருக்கிறது.

1831 கிறிஸ்துமசை ஒட்டி ஜமைக்காவின் அடிமைகள் பல்லாயிரவர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் 1832 சனவரியில் காலனியத் திருச்சபை ஒன்றியம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் பிரிட்ஜஸ். அடிமைகளுக்கு இடமளித்த பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் வழிபாட்டிடங்களை இடித்தும் எரித்தும் திரிந்த கும்பல்களுக்கு அமைப்பு வடிவம் கொடுத்தது அந்த ஒன்றியமே. ஓராண்டுக்குள் அரசே அதைச் சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் அறிந்தபின்னும், படைப்பை வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பவர் உண்டு. பிரிக்கட்டும், முழுமையாகப் பிரிக்கட்டும். அப்படியானால் மகள்களின் மரணமும் பாடத்திலிருந்து வெளியேற வேண்டும். ஒரு மேகத்தையோ இடிபாட்டையோ காட்டி 'இழப்பின் நிழல்' என்று வகுப்பில் பொருள்கொள்ளும் உரிமையும் அத்துடன் போகும். நடப்பது அதுவன்று. படங்களை விளக்கத் தந்தையின் கண்ணீர் வாழ்க்கையிலிருந்து வரவழைக்கப்படுகிறது. அதே தந்தையின் கையில் இருந்த சவுக்கு மட்டும் 'வாழ்க்கை வரலாறு, கலைக்குத் தொடர்பற்றது' என்று வாசலில் நிறுத்தப்படுகிறது. கோட்பாட்டின் பெயரால் செய்யப்படும் இந்தத் தெரிவு வெறும் இரக்கம். அந்த இரக்கமும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது.

அவர் தம் காலத்தின் மனிதர் என்ற சமாதானமும் உண்டு. எந்தக் காலம்? பாப்டிஸ்ட் ஊழியர் வில்லியம் நிப் அதே தீவில், அதே ஆண்டுகளில் இருந்தார்; 1832இல் லண்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின்முன் அடிமைமுறைக்கு எதிராகச் சாட்சி சொன்னார். கிளர்ச்சியின் தலைவர் சாமுவேல் ஷார்ப்பும் அக்காலத்தவரே. 1832 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டார். வான்கோழிக்காக அடிபட்டு நீதி கேட்ட கிட்டி ஹில்ட்டன் வேறு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர்? ஒரு காலத்தின் அளவுகோலை அடித்தவர்களிடம் மட்டும் கேட்டுப் பெறுவதை வரலாற்று உணர்வு என்று சொல்லிக்கொள்வது விந்தை.

வாழ்க்கையும் படங்களும் ஒட்டியே கிடக்கும் இடம் ஒன்று உண்டு. ஊர் திரும்பிய பிரிட்ஜஸ் தம் படங்களை விற்பனைக்கு வைத்தபோது, 'ஆயிரத்து எழுநூறு உண்மையான ஒளிப்படங்களிலிருந்து தெரிந்தெடுத்தவை' என்னும் பொருள்பட அத்தொகுப்புக்குத் தலைப்பிட்டார். 1858இல் வெளிவந்த பாலஸ்தீனத் தொகுப்பின் தலைப்போ, உள்ளது உள்ளபடி காட்டும் பாலஸ்தீனம் என்கிறது. எண்ணிக்கையும் நேர்ச்சாட்சியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜமைக்காவில் அவர் கையாண்ட கருவிகளும் இவையே. இத்தனை ஆயிரம் திருமுழுக்குகள். தீவை நேரில் அறிந்தவன் சொல்கிறேன், தொலைவிலிருக்கும் வில்பர்ஃபோர்சுக்கு என்ன தெரியும்? அந்தச் சாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. அதன்பின் அதே குரல், மறுத்துப் பேச முடியாத ஓர் இயந்திரத்தைக் கண்டடைந்தது. படங்களின் அழகைப் பற்றி எழுதுபவர் அழகைப் பற்றியே எழுதலாம்; அவற்றின் 'நம்பகத்தன்மை'யைப் பற்றி எழுதுபவர் இதைத் தாண்டிச் செல்ல இயலாது.

இது ஜமைக்காவின் விவகாரம், புணேயில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று கேட்கப்படலாம். புணேயில்தான் பேச வேண்டும். பிரிட்ஜஸ் இறந்து பத்தாண்டு கழித்து, 1873இல், ஜோதிராவ் ஃபுலேயின் 'குலாம்கிரி' இந்நகரில் வெளிவந்தது. கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்கு அந்நூலைப் படைத்தார் ஃபுலே. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விழுந்த சவுக்கடிக்கும் மராட்டியச் சூத்திரரும் ஆதிசூத்திரரும் பட்ட அடிக்கும் உறவு காண ஒளிப்பட வரலாறோ பின்காலனியக் கோட்பாடோ அவருக்குத் தேவைப்படவில்லை. பாதிரியார்கள்மேல் வெறுப்பும் அவருக்குக் கிடையாது. ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர் அவர். எல்லாக் குருமார்களையும் ஒரே கூடையில் போடுவதாகக் குறை சொல்ல இங்கு இடமே இல்லை. நிப்பும் பிரிட்ஜசும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள். வேறுபாட்டைச் சொல்வதுதான் ஆய்வாளரின் வேலை.

இந்தியப் படங்களிடமும் இதே பழக்கம் தொடர்கிறது. பம்பாயில் வில்லியம் ஜான்சன் 1863லும் 1866லும் வெளியிட்ட இனங்கள், சாதிகள் பற்றிய தொகுதிகளில், தனியே எடுத்த மனிதர்களின் உருவங்கள் வேறொரு நிலக்காட்சியின்மேல் பொருத்தப்பட்டிருக்கின்றன. மதுரையையும் தஞ்சையையும் 1858இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. அவருக்கு உதவியாளராக இருந்த அய்யாசாமியின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

புணேயின் பர்வதி மலையையே எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தொகுப்புகளுக்கு மிகவும் பிடித்த காட்சி அது: அடிவாரம், அகன்ற படிகள், உச்சியில் பேஷ்வாக்கள் எழுப்பிய கோயில். படிகளின் சாய்வையும் வானத்தின் வெறுமையையும் பற்றி நுட்பமாக எழுதிவிட முடியும். அக்கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டுத் தலித் மக்கள் 1929இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது, கேட்டவர்கள் தாக்கப்பட்டனர். படிகள் எல்லாப் படங்களிலும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைப் படத்துக்கு அடியிலுள்ள குறிப்பில் எழுத இரண்டு வரி போதும். பிரிட்ஜசின் பெயருக்குக் கீழே கிட்டி ஹில்ட்டனின் பெயரை எழுத ஒரு வரி போதும்.