பழைய பாறை, புதிய நீர்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து மூன்று மைல் சென்று குற்றாலத்தை அடைகிறவர்கள், “போன வருஷம் பார்த்த அருவிதானே!” என்று திரும்பி விடுவதில்லை. பாறை பழையது, விழுகிற நீரோ புதியது.

பட முதலாளிகள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக! 2004-ல் வெளியான ‘கில்லி’யை 2024 ஏப்ரலில் மறுபடியும் திரையிட்டார்கள். ஜனங்கள் திருவிழாப் போலத் திரண்டார்கள். பழைய படம் பழைய படமாகவே வந்தது. அதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

அவ்வாண்டு ஜூலையில், 28 வருஷங்களுக்குப் பின், ‘இந்தியன்’ இரண்டாம் பாகம் வந்தது. 1996-ல் வந்த முதற் படத்தில் தியாகி சேனாபதி, லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே கொன்றார். அந்தத் தகப்பனின் துயரம் நம் நெஞ்சைப் பிளந்தது. இரண்டாம் பாகத்திலோ ஊரார் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறார்; தாம் இழப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

நாட்டில் லஞ்சம் ஒழிந்துவிடவில்லை. ஆகையால் கதைக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் பாகம், நான்காம் பாகம் எதுவானாலும் நாம் வரவேற்கிறோம். ஆனால் வறண்ட பாறையைக் காட்டி, “இதுதான் அருவி, குளியுங்கள்!” என்றால் என்ன செய்வது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்!