கொப்பூழ்க்கொடி சொல்லும் செய்தி

"மறுபடியும் ஸ்கேனா? நம் பாட்டிமார் ஸ்கேன் பார்த்தா பிள்ளை பெற்றார்கள்?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றனர். ஆயினும் விடையை அறிவது நலம். ஒரு சிசுவின் உயிரே அதில் அடங்கியிருக்கக்கூடும்.

திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் அருகே நிற்கையில் ரயிலின் ஊதலைக் கேட்டிருக்கிறோம். வண்டி நெருங்கும்போது ஒலி கூர்மையாகும், விலகும்போது தாழும். அலைகளின் இவ்வியல்பை 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் எடுத்துரைத்தார். 1977-இல் டப்ளின் நகர ஆய்வாளர் இருவர் இதைக் கொண்டு கொப்பூழ்க்கொடியின் இரத்த ஓட்டத்தை அறிந்து வெளியிட்டனர். இதில் பயன்படுவது ஒலியலையே; எக்ஸ்ரே கதிர் அன்று.

கொடியிலுள்ள இரு தமனிகள் சிசுவின் இரத்தத்தை நச்சுக்கொடிக்குக் கொண்டு செல்கின்றன. இதயத் துடிப்புகளுக்கு இடையேயும் அவ்வோட்டம் முன்னோக்கியே செல்லவேண்டும். நச்சுக்கொடியின் நாளங்கள் பழுதுற்றால் ஓட்டம் குன்றும், பின்னர் நிற்கும், இறுதியில் பின்னோக்கித் திரும்பும். அது பேராபத்தின் அறிகுறி.

தாய்க்கு இரத்த அழுத்தம் உயர்ந்தாலோ, சிசுவின் வளர்ச்சி குன்றினாலோ மருத்துவர் இச்சோதனையைக் கோருவார். இத்தகைய தாய்மார் 10,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிசு மரணம் 100-க்கு 1.7 என்பதிலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. ஆபத்தில்லாத தாய்மார் அனைவருக்கும் இதனால் பயன் உண்டென நிறுவப்படவில்லை. சோதனை நோயைத் தீர்ப்பதன்று; எப்போது மருத்துவமனையில் சேர்ப்பது, எப்போது பிரசவிக்கச் செய்வது என்று வழிகாட்டுவது. நம் கோரிமேட்டு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு.

உயிரைக் காக்கும் இதே கருவியைப் பெண் சிசுவை அழிக்கக் கருவியாக்கியோரும் உண்டு. ஆதலால் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணா பெண்ணா எனச் சொல்வதைத் தடை செய்தது. அதைக் கேட்பதும் பாவமே என்பதை நாம் மறவாதிருப்போமாக.

கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளைத் தேடி அன்னை மரியாள் மலைநாட்டுக்கு விரைந்தார். தாயின் வயிற்றில் சிசு அக்களித்துத் துள்ளியது. நாமும் நம் மருமகளை, மகளைத் தனியே அனுப்பாது உடன் செல்வோம். மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிப்போடாதிருப்போம். ஜெபமும் வேண்டும், சோதனையும் வேண்டும்.