கீறலுக்கு ஏற்ற மருந்து



சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது காய்கறிச் சந்தைக்கு மட்டுமல்ல, கார் பட்டறைக்கும் பொருந்தும். எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் தாய்மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். வெள்ளி நிற டிசையர். வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும், வீட்டில் அடுப்பெரியும். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் திருப்பரங்குன்றத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார். எந்தப் புண்ணியவானோ சைக்கிளால் உரசிவிட்டுப் போய்விட்டான். முன் கதவில் ஆரம்பித்துப் பின் கதவு வரைக்கும் இரண்டு முழ நீளத்துக்குக் கீறல். மாமா முகத்தைப் பார்க்கணுமே!

"மாப்ள, நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற? என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றார். நான் திருதிருவென்று முழித்தேன்.

பெரிய பட்டறை ஒன்றில் கேட்டோம். இரண்டு கதவுக்கும் முழுசாகப் பெயிண்ட் அடிக்கணும், 8,000 ரூபாய், மூன்று நாள் வண்டி நிற்கணும் என்றார்கள். மூன்று நாள் சவாரி போனால் மாமா என்ன செய்வார்? "இதெல்லாம் எதுக்கு? காம்பவுண்டு போட்டுத் தேய்டா, போயிரும்" என்றான் நண்பன் ஒருவன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீராதி வீரனாகத் தேய்க்க ஆரம்பித்தேன். முன் கதவில் கீறல் மாயமாய் மறைந்தது! அந்தத் தெம்பில் பின் கதவையும் தேய்த்தேன். கீறல் அசையவில்லை. மாறாக, கதவின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பு போய் மங்கிவிட்டது.

பயந்துபோய்த் தகரக் கொட்டகையில் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் போனோம். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "தம்பி, கீறலை யாரும் தேய்ச்சு எடுக்க முடியாது. கீறலைச் சுத்தி இருக்கிறதைத்தான் தேய்ச்சு எடுக்கிறோம்."

எவ்வளவு பெரிய உண்மை! கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை மறைக்க, சுற்றியுள்ள மேட்டைக் குறைக்கிறோம். அந்த மேடு எவ்வளவு உயரம் என்று தெரியாமல் குறைக்கலாமா?

இன்றைய காரின் தகடு மேல் பொதுவாக நான்கு பூச்சு இருக்கிறது. அடியில் மின்சாரத்தால் படிய வைத்த ஈ.டி. பிரைமர், சுமார் 20 மைக்ரான். அதன்மேல் இரண்டாவது பிரைமர். பிறகு நிறம் தரும் பேஸ் கோட். கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட், 40 முதல் 50 மைக்ரான். எல்லாம் சேர்த்தால் சுமார் 100 முதல் 120 மைக்ரான். நம் லேபில் இருக்கிற மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். அப்படியானால் கிளியர் கோட் முழுவதும் வெறும் நாலைந்து கோடுதான்! நான் முரட்டுத்தனமாகத் தேய்த்தது அந்த நாலைந்து கோட்டைத்தான். கதவின் விளிம்பில் பூச்சு மெலிந்திருக்கும், தேய்க்கும் அழுத்தமும் அங்கேதான் அதிகம் விழும். அதனால் முதலில் போவதும் விளிம்புதான்.

ஆகவே மருந்துக்கு முன் நாடி பார்க்கணும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கீறலைக் கழுவி, அதன்மேல் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிந்தால், அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல். அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டி நின்றால் கீறல் ஆழமானது, தேய்த்துப் போக்க நினைப்பது வீண் வேலை. கடைசியாகப் பள்ளத்தின் நிறத்தைப் பாருங்கள். பிரைமர் நிறம் தெரிந்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. தகடே பளிச்சென்று தெரிந்தால் அவகாசம் இல்லை.

மாமா வண்டியில் ஒரே கீறலில் மூன்று வியாதி இருந்தது. முன் கதவில் மேல்பூச்சுக் கீறல், அதற்குக் காம்பவுண்டும் பாலிஷும் போதும். பின் கதவில் பிரைமர் வரை போன கோடு. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு தெரிந்தது. மாமா வாரம் தவறாமல் திருச்செந்தூருக்குச் சவாரி போகிறவர். கடற்கரை உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நாம் வேதியியலில் படித்ததுதானே? பார்வைக்குச் சின்னதாக இருந்த அந்த இரண்டு விரல் இடம்தான் உண்மையான ஆபத்து!

அண்ணன் அந்த இடத்தை மட்டும் நைசான தாளால் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமர் தொட்டு வைத்தார். வண்டியின் கலர் கோடு பார்த்து வாங்கிய பெயிண்டை மெல்லிய பிரஷ்ஷால், ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் தடவினார். மேலே கிளியர். அரை நாள் வேலை, சில நூறு ரூபாய்.

அப்படியானால் முழுக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதே ஏமாற்று வேலையா? இல்லவே இல்லை. தகடு ஒடுங்கியிருந்தால், நீளமாகத் தகடு வரை கிழிந்திருந்தால், பழைய பூச்சு உரிந்து கொண்டிருந்தால் பட்டி பார்த்து முழுசாக அடிப்பதுதான் முறை. மெட்டாலிக் நிறத்தில் பிரஷ்ஷால் தொட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் ஸ்பிரேயில் படுக்கிற மாதிரி பிரஷ்ஷில் படுக்காது. சுவடே தெரியக் கூடாது என்பவர் முழுக் கதவுக்கும் செலவழிக்கட்டும். ஆனால் இரண்டு வழியையும் சொல்லி, முடிவை வண்டிக்காரரிடம் விடணும். அவருக்குத் தெரியாமல் நாம் முடிவெடுப்பது நியாயமா?

"இன்சூரன்ஸ் இருக்கே, கிளைம் பண்ணு" என்பார்கள். கிளைம் இல்லாத வருடங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. சின்னக் கீறலுக்குக் கிளைம் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும். கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதை நாம் யாரும் போடுவதில்லை. இப்போது அடிக்கும் பி.யூ. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். அந்த அண்ணன் ஸ்பிரே அடிக்கும்போது மூக்கில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை! அது தூசியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. தேவையில்லாமல் அடிக்கிற ஒவ்வொரு கதவும் யாரோ ஒருவருடைய நுரையீரல் வழியாகத்தான் போகிறது. நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நம்மில் ஒருவனாகக்கூட இருக்கலாம். சொந்தப் பட்டறை வைக்கப் போகும் நண்பர்களே, முதல் மாத வருமானத்தில் முதலில் வாங்க வேண்டியது நல்ல முகக் கவசம்.

நம் குன்றத்துக் கோயிலில் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான். மலையிலேயே செதுக்கிய திருமேனி தேய்ந்தால் திரும்ப வராது என்ற கவனத்தை நான் அதில் பார்க்கிறேன். கம்பெனியில் சூடேற்றிப் படிய வைத்த பூச்சும் ஒரு தரம் போனால் அதேபோல் திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றுவதும் தொழில்நுட்பம்தான்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. பின் கதவில் துரு இல்லை. விளிம்பில் நான் உண்டாக்கிய மங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. "இது மாப்ள போட்ட கையெழுத்து" என்று மாமா எல்லோரிடமும் காட்டிச் சிரிக்கிறார். எனக்கு அதுதான் வாத்தியார்.

டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகும் நாம், நாளைக்கு ஒருவர் வண்டியோடு வந்து நிற்கும்போது இரண்டு வார்த்தை சொல்லப் பழகுவோம்: "இதுக்கு இவ்வளவு போதும்." பில் தொகை குறையலாம். நம் மேல் வைத்த நம்பிக்கை குறையாது!

— இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை