சாகச மாதிரி விமானங்கள்: கிளோ எரிபொருளை விட்டு பேட்டரிக்கு மாறியது ஏன்?

ரிமோட்டில் பறக்கும் சாகச விமானப் போட்டி என்றாலே ஒரு காலத்தில் காதைப் பிளக்கும் சத்தமும், எண்ணெய் கருகும் வாசனையும்தான். இன்று இதன் உச்சப் பிரிவான 'எஃப்3ஏ' போட்டிகளில் பெரும்பாலும் கேட்பது புரொப்பல்லரின் 'விர்ர்' சத்தம் மட்டுமே. சுற்றுச்சூழல் அக்கறையால் வந்த மாற்றமா இது? முழுசா அப்படிச் சொல்லிவிட முடியாது.

கிளோ எரிபொருள்னா என்ன?

மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் சேர்ந்த கலவை. இந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதற்குப் பதில் 'கிளோ பிளக்'. அதிலுள்ள பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருளை, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சின்ன பேட்டரி சூடாக்கும். அதன் பிறகு இன்ஜினின் வெப்பமும், பிளாட்டினம் - மெத்தனால் வினையும் சேர்ந்து சுருளைத் தணலாகவே வைத்திருக்கும். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த பிளக், அரை நூற்றாண்டுக்கும் மேல் கோலோச்சியது.

அப்புறம் என்ன பிரச்சினை?

காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் இன்ஜினை மறுபடி டியூன் செய்ய வேண்டும். தவறினால் நடுவானில் நின்றுவிடும். எரிபொருள் தீரத் தீர விமானத்தின் எடையும் குறையும். ஆக, முதல் சாகசத்தில் இருந்த விமானம் கடைசி சாகசத்தில் இருக்காது!

பேட்டரி விமானத்தில் எடை கடைசி வரை மாறாது. செங்குத்தாக இறங்கும்போது மோட்டாரையே பிரேக் போலப் பயன்படுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஒவ்வொரு சாகசத்துக்கும் 10-க்கு மதிப்பெண் போடும் நடுவர்கள் முன்னால், இந்தச் சீர்மை பெரிய பலம்.

அப்போ எல்லாமே லாபமா?

இல்லை. முதல் தலைவலி எடை. எஃப்3ஏ விதிப்படி இறக்கை அகலமும் நீளமும் தலா 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீண்ட காலம் நடைமுறையில் இருந்த எடை வரம்பு 5 கிலோ. இங்கேதான் ட்விஸ்ட்: இன்ஜின் விமானத்தை எரிபொருள் இல்லாமல் எடை போடுவார்கள், எலெக்ட்ரிக் விமானத்தை பேட்டரியோடு சேர்த்து! பேட்டரி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். அதனால் மற்ற பாகங்களில் கிராம் கிராமாகக் குறைக்க வேண்டும். கார்பன் ஃபைபர் போன்ற பொருட்கள் வரும். கூடவே விலையும் ஏறும்.

அடுத்து, பேட்டரி தேயும். எரிபொருள் கேனை மூடி வைத்துவிட்டுப் போகலாம். லித்தியம் பாலிமர் பேட்டரியை சரியான சார்ஜில் வைத்துப் பராமரிக்க வேண்டும். அடிபட்டாலோ, அதிகமாக சார்ஜ் ஆனாலோ தீப்பிடிக்கும்.

வெளிநாட்டுப் போட்டிக்கு எப்படிக் கொண்டுபோறாங்க?

மெத்தனாலை பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்லவே முடியாது. பேட்டரிக்கு வழி இருக்கிறது. எஃப்3ஏ-வில் வழக்கமாக 10 செல் பேட்டரி தேவை. அதை 5 செல் கொண்ட இரண்டு பேட்டரிகளாகப் பிரித்துக் கொண்டுபோய், மைதானத்தில் தொடராக இணைக்கலாம். 5,000 எம்ஏஎச் திறனுள்ள 5 செல் பேட்டரி 92.5 வாட்-ஹவர்தான். பவர் பேங்க்குக்கு உள்ள அதே 100 வாட்-ஹவர் வரம்புக்குள் வந்துவிடும், கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் ஒரு காரணமா?

ஓரளவுக்கு. நைட்ரோமீத்தேனை வெடிபொருள் தயாரிக்கவும் பயன்படுத்த முடியும். அதனால் 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 சதவீதத்துக்கு மேல் அது உள்ள கலவையை பொதுமக்கள் வாங்கக் கட்டுப்பாடு உண்டு. இன்னொரு பக்கம் மைதானப் பிரச்சினை. குடியிருப்புகள் நெருங்கி வர வர, சத்தம் பற்றிய புகார்களும் கூடும். மைதானம் போனால் கிளப்பே போச்சு. எலெக்ட்ரிக் மோட்டார் அந்தப் புகார்களைக் குறைக்கும்.

சுருக்கமா சொன்னால்?

எரிபொருள் செலவும் டியூனிங் தொல்லையும் போயின. பேட்டரி, சார்ஜர் செலவு வந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தவர்களின் கைப்பக்குவத்துக்கு வேலை குறைந்தது. பிளக் பாயின்ட் இல்லாத மைதானங்களில் பேட்டரியை சார்ஜ் செய்ய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடுவதும் உண்டு!