கண்ணாடி மங்கினால் பழி எனக்கா?

எனக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கேரளாவில் வேலை பார்த்த என் சித்தப்பா, என் அக்கா கல்யாணத்துக்கும் என் கல்யாணத்துக்கும் ஆளுக்கொரு ஆரன்முளா கண்ணாடி சீராகத் தந்தார். பத்தனம்திட்டா மாவட்டத்து ஆரன்முளாவில் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் உலோகக் கண்ணாடி அது. சாதாரணக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். இதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தென்காசியில் இருக்கும் அக்காவின் கண்ணாடி இன்றும் பளபளவென்று இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டது வடசென்னையில். என் கண்ணாடி மூன்றாம் வருடமே மங்கத் தொடங்கிவிட்டது. இப்போது புள்ளி புள்ளியாக நிறம் மாறிக் கிடக்கிறது. "உன் அக்கா ஒழுங்காத் துடைக்கிறா, நீ போட்டது போட்டபடி விட்டுடறே" என்று மாமியார் சொல்லாத நாளில்லை. நானும் என் மேல்தான் தப்பு என்று மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகுதான் யோசித்தேன். இந்த வெள்ளிக்கிழமை விளக்கி வைத்த வெள்ளிக் காமாட்சி விளக்கு அடுத்த வெள்ளிக்குள் கறுத்துவிடுகிறதே, அதுவும் என் சோம்பலா? சாக்கடையிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் வாயு, வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிறது. போதாததற்குக் கடல் காற்றின் உப்பு வேறு. சாதாரணக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் பத்திரமாக இருக்கும். உலோகக் கண்ணாடிக்கோ முகமே காற்றில்தான்.

அதே காற்றைத்தான் என் எட்டு வயது மகளும் சுவாசிக்கிறாள். அவளுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. கந்தகப் புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்றார் டாக்டர். கண்ணாடியைத் துடைக்கலாம், நுரையீரலை எதைக் கொண்டு துடைப்பது?

தாஜ்மகாலின் பளிங்கைக் காப்பாற்ற 1996-ல் உச்ச நீதிமன்றம், அந்தப் பகுதியில் நிலக்கரி எரித்த தொழிற்சாலைகளை எரிவாயுவுக்கு மாறும்படியும், மாறாவிட்டால் இடம்பெயரும்படியும் உத்தரவிட்டது. கல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு நம் குழந்தைகளுக்கு வேண்டாமா?

எங்கள் தெருப் பெண்கள் இப்போது நாற்றமும் புகையும் வரும் நாள், நேரத்தைத் தினசரி காலண்டரிலேயே குறித்து வைக்கிறோம். அந்தத் தாள்களோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் வீட்டு விளக்கும் சீக்கிரம் கறுக்கிறதா தோழிகளே? உங்களை நொந்துகொள்ளாமல் நீங்களும் குறித்து வையுங்கள். எங்கள் மனுவில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? என் மாமியாருடையது!

- ஒரு வாசகி, வடசென்னை.