ஸ்கூபா டைவிங்: 'நைட்ராக்ஸ்' கோர்ஸ் எல்லோருக்கும் தேவையா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அந்தமான், புதுச்சேரி, மாலத்தீவு, இலங்கை... எங்கே ஸ்கூபா கற்றுக்கொண்டாலும், முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்படியே நைட்ராக்ஸ் கோர்ஸையும் முடிச்சிடலாமே?"

ஒரே நாளில் முடிகிற பயிற்சி, தேர்வும் கடினமில்லை. அதனால் பலர் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு இது அவசியமான பயிற்சி, சிலருக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. அரைகுறையாகக் கற்றுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எப்படி முடிவு செய்வது?

நைட்ராக்ஸ் என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21% ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பதும் இதே காற்றுதான். 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று பலரும் சொல்வது தவறு.

நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் அளவைக் கூட்டி, நைட்ரஜனைக் குறைத்த காற்று. 32%, 36% ஆக்சிஜன் கொண்ட இரண்டு கலவைகள்தான் அதிகம் பயன்பாட்டில் உள்ளன. 1970களில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இவற்றைத் தன் டைவர்களுக்காக முறைப்படுத்தியது. 1990களில் பொழுதுபோக்கு டைவிங்கிலும் பரவலானது.

என்ன லாபம்?

ஆழத்துக்குப் போகப் போக, அழுத்தம் காரணமாக நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடலுக்குள் குமிழ்கள் உருவாகும். மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டு போகும் இந்த பாதிப்பை டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஆழத்துக்கும் நேர வரம்பு உண்டு.

நைட்ராக்ஸில் நைட்ரஜன் குறைவு என்பதால் இந்த வரம்பு நீள்கிறது. பிஏடிஐ அமைப்பின் அட்டவணைப்படி சாதாரண காற்றில் 30 மீட்டரில் 20 நிமிடம்தான் இருக்கலாம். 32% நைட்ராக்ஸில் அது சுமார் 30 நிமிடம்.

"நைட்ராக்ஸ் போட்டா களைப்பே தெரியாது" என்று சொல்பவர்கள் உண்டு. அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

பழவேற்காடு முதல் மட்டக்களப்பு வரை: ஆழம்தான் பதில்

யாருக்குத் தேவை என்பதை முடிவு செய்வது ஆழம்தான். நம் பகுதி நீர்நிலைகளை வைத்தே பார்க்கலாம்.

சுண்ணாம்புக்குளம் போன்ற கரையோர ஊர்களை ஒட்டிய பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். இருளர் மக்கள் தண்ணீரில் இறங்கி கையால் தடவியே இறால் பிடிக்கும் ஏரி இது. இங்கே ஸ்கூபாவுக்கே வேலை இல்லை.

மன்னார் வளைகுடா பவளப்பாறைகளும் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. 12 மீட்டரில்கூட சாதாரண காற்றிலேயே அட்டவணை வரம்பு 147 நிமிடம். அதற்கு வெகு முன்பே சிலிண்டர் காலியாகிவிடும். நைட்ராக்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்.

இலங்கையின் மட்டக்களப்பு கடலுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே சாதாரண காற்றில் 29 நிமிடம். 32% நைட்ராக்ஸில் சுமார் 45 நிமிடம். இந்த இடத்தில்தான் நைட்ராக்ஸ் கை கொடுக்கும்.

'அப்போ இன்னும் ஆழமா போகலாமா?'

கூடாது. உண்மையில் ஆழம் குறையும். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

அழுத்தத்தில் ஆக்சிஜனும் விஷமாகும். ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4-ஐத் தாண்டக் கூடாது என்பது பொழுதுபோக்கு டைவிங்கின் பொது விதி. மீறினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தரையில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் சுவாசக் கருவி வாயிலிருந்து நழுவினால் மூழ்கி இறக்க நேரிடும்.

கணக்கு எளிது. 1.4-ஐ 0.32-ஆல் வகுத்தால் 4.37. கடல் மட்டத்தின் 1-ஐக் கழித்து, 10-ஆல் பெருக்கினால் சுமார் 33 மீட்டர். அதுதான் 32% கலவையின் எல்லை. 36% என்றால் எல்லை 28 மீட்டர்.

அதே 1942 ஏப்ரல் 9-ல் அதே கடலில் மூழ்கிய விமானம் தாங்கிக் கப்பல் எச்எம்எஸ் ஹெர்மிஸ், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 32% நைட்ராக்ஸோடு அங்கே இறங்கினால் பங்கு அழுத்தம் 2.0! ஒரு கப்பலுக்குப் பொருத்தமான சிலிண்டர், பக்கத்துக் கப்பலில் எமனாகிவிடும்.

கோர்ஸில் என்ன சொல்லித் தருவார்கள்?

பிஏடிஐ, எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகளின் பயிற்சிகள் பொதுவாக 40% ஆக்சிஜன் வரை அனுமதி தருகின்றன. பிஏடிஐ-யில் குறைந்தபட்ச வயது 12. எஸ்எஸ்ஐ-யில் 32%, 40% என இரண்டு நிலைகள். பிரிட்டனின் பிஎஸ்ஏசி, தன் அடிப்படைப் பயிற்சியிலேயே இதைச் சேர்த்துவிட்டது. இந்தப் பயிற்சிக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 11107. ஆகவே எந்த அமைப்பு என்பதைவிட யார், எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதே முக்கியம்.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சிலிண்டரை நானே சோதிக்கப் பழக்குவீர்களா? ஸ்டிக்கரில் 32% என்று இருந்து உள்ளே 40% இருந்தால், பாதுகாப்பான எல்லை 25 மீட்டர்தான். அதை நம்பி 33 மீட்டர் போனால் பங்கு அழுத்தம் 1.7. பார்த்தாலோ மோந்தாலோ வித்தியாசம் தெரியாது. அளவிடும் கருவியை சாதாரணக் காற்றில் 20.9%-க்கு சரிசெய்து, சிலிண்டரைச் சோதித்து, எண்ணை எழுதி கையெழுத்திடுவது வரை நீங்களே செய்ய வேண்டும்.

2. டைவ் உண்டா, ஆன்லைன் பாடம் மட்டுமா? பல பயிற்சிகளில் கடலில் இறங்குவது கட்டாயமில்லை. டைவ் இல்லாவிட்டாலும் சோதனைப் பயிற்சி நேரில் நடக்க வேண்டும்.

3. என் டைவ் கம்ப்யூட்டரில் கலவையை மாற்றக் கற்றுத்தருவீர்களா? 32% சிலிண்டரை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை 21%-லேயே விட்டால், அது ஆக்சிஜன் எல்லையைத் தாண்டும்போது எச்சரிக்காது.

4. எத்தனை சதவீதம் வரை சான்றிதழ்?

5. கட்டணத்தில் என்னென்ன அடக்கம்? பாடம், சான்றிதழ், சிலிண்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் பணம் கேட்கலாம். மொத்தத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.

யார் சேரலாம், யார் காத்திருக்கலாம்?

18 முதல் 30 மீட்டர் வரை அடிக்கடி போகிறவர்கள், ஒரே நாளில் மூன்று நான்கு டைவ், தொடர்ந்து பல நாட்கள் என்று பயணம் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர் வரம்பு வைத்திருக்கும் மாலத்தீவு இதற்கு நல்ல உதாரணம்.

வருடத்துக்கு ஒரு முறை, 10 மீட்டரில் மீன் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அவசரமே இல்லை. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு டைவ் போய், தண்ணீரில் மிதவைக் கட்டுப்பாட்டைப் பழகுவது மேல். 25 மீட்டரில் நிலையாக நிற்கத் தெரியாதவருக்கு, தாண்டக் கூடாத ஆழ எல்லை கொண்ட சிலிண்டர் கூடுதல் ஆபத்து.